மலை சரிகிறது, எதிரி யார்?

மலையகத்திலே மண் சரியுந்தோறும் கவிதைகள் பிறக்கின்றன. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் மறைந்து, முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் மாய்ந்தபோது பிறந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகளைக் கரைத்து, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும் பிறந்தன. பசறையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் மழைக்கால இரவுகளில் உறங்காது விழித்திருக்கும் மக்களுக்கு, தம் துயரை எழுத்தில் வடிக்க ஒருவர் உளர் என்பது சிறிதளவேனும் ஆறுதல் தருமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அக்கவிதைகளை ஒருசேர வைத்து நோக்கும்போது ஒரு பொதுப்பண்பு தெற்றெனப் புலப்படுகிறது. அவற்றிலே இறந்தவர் உண்டு, அழுவோர் உண்டு, மழை உண்டு, மலை உண்டு. கொன்றவர் எவரும் இல்லை. ‘இயற்கையின் சீற்றம்’ என்ற இரண்டு சொற்களோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

நாம் இங்கு ஆராய விழைவது இதனையே: மலை சரிவதற்குப் பொறுப்பாளி எவரேனும் உளரா? உளரெனில், அவரை எதிர்த்து மக்கள் அணிதிரளும் வழி யாது? அவ்வழியில் எழுத்தாளனுக்கு உரிய பணி யாது?

உண்மையான ஒப்பாரி இவ்வாறு வாய்மூடி நிற்பதில்லை என்பதை முதலிற் குறிப்பிட வேண்டும். கிராமத்துப் பெண் ஒப்பாரி வைக்கும்போது மருந்து கொடாத வைத்தியனையும், கைவிட்ட உறவினனையும், பழிகாரனையும் ஊரறியச் சுட்டிக்காட்டுவாள். கங்காணியையும் துரையையும் பெயர் சொல்லி ஏசும் பாடல்கள் மலையக நாட்டார் மரபிலே ஏராளம். ஆகவே, பொறுப்பாளியைச் சுட்டாத இன்றைய அச்சுக் கவிதை, நாட்டார் ஒப்பாரியின் வளர்ச்சியன்று. அதன் தேய்வு என்றே கொள்ளல் வேண்டும்.

தேயிலையைப் பற்றி எழுதியோர்க்கு எதிரியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கோ. நடேசய்யரின் தொழிற்சங்கப் பணியிற் பங்குகொண்ட அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார், தோட்ட மக்களிடையே தாமே பாடிய பாடல்களை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். அப்பாடல்கள் எவருக்கு எதிரானவை என்று கேட்போரைத் தெளிவிக்க உரையாசிரியர் தேவைப்படவில்லை. சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, தொழிற்சங்கம் அமைக்க முனையும் தொழிலாளி தன் இருப்பிடத்தையே இழக்கும் நிலையைக் காட்டிற்று. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தலைப்பிலேயே உழைப்பின் அளவுகோலை நம்முன் வைத்தது. பதுளை மாவட்டத்தில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 2022இல் மறையும்வரை எழுதிய தெளிவத்தை ஜோசப், லயத்து வாழ்க்கையின் நெருக்கத்தை அதன் நாற்றத்தோடும் நகைச்சுவையோடும் தீட்டினார். இவர்கள் எல்லோருக்கும் வாய்த்த வசதி ஒன்றுண்டு. சுரண்டுவோனும் சுரண்டப்படுவோனும் ஒரே மலையில் நின்றார்கள். துரையின் பங்களா மேலே, லயம் கீழே, இடையிலே தராசு. முரண்பாடு கண்ணுக்குத் தெரிந்தது.

எண்ணெயின் நிலை வேறு. பசறையிலே எண்ணெய்க் கிணறு இல்லை. எண்ணெய்க் கம்பனியின் துரை நமுனுகுலை மலையில் ஏறியதில்லை. எண்ணெய் நமக்குத் தெரிவதெல்லாம் பெற்றோல் நிரப்பு நிலையத்தில், பஸ் கட்டணத்தில், 2022ஆம் ஆண்டு நாம் நாட்கணக்கில் நின்ற வரிசையில் மட்டுமே. 1992இல் அமிதவ் கோஷ் என்னும் வங்க எழுத்தாளர் ஒரு மதிப்புரையிலே இது பற்றிச் சிந்தித்தார். நறுமணப் பொருள் வாணிகம் எத்தனையோ இலக்கியங்களைத் தோற்றுவித்திருக்க, இந்த நூற்றாண்டையே ஆட்டிவைத்த எண்ணெய் வாணிகம் குறிப்பிடத்தக்க இலக்கியத்தைத் தோற்றுவிக்காதது ஏன் என்பது அவரது வினா. அவர் மதிப்பிட எடுத்துக்கொண்டது அப்துர்ரஹ்மான் முனீஃபின் ‘உப்பு நகரங்கள்’. 1984 முதல் ஐந்து பாகங்களாக வெளிவந்த அந்த அரபு நாவலின் முதற்பாகத்திலே, பாலைவனச் சோலை ஒன்று அமெரிக்கக் கம்பனியின் இயந்திரங்களால் வேரோடு பிடுங்கப்படுகிறது. குடிபெயர்ந்த மக்கள் துறைமுக நகரிற் கூலிகளாகின்றனர். இறுதியில் வேலைநிறுத்தம் செய்கின்றனர். கூலியாக்கப்பட்ட மக்கள் தம்மை ஒரு கூட்டமாக உணரும் அந்தக் கட்டத்தை மலையக வாசகன் எளிதிற் புரிந்துகொள்வான். அவனது முப்பாட்டன் வரலாறும் அதுவே.

எண்ணெய் அந்தச் சோலையை அழித்தது கிணறு தோண்டி. பசறையை அது தாக்குவது எவ்வாறு? விஞ்ஞானம் கூறும் விடை சிக்கலானதன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கப்படுவதால் வளிமண்டலத்தில் கரியமிலவாயு பெருகுகிறது; பூமி வெப்பமடைகிறது. காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 வீதம் அதிகமான நீராவியைத் தாங்கவல்லது. தாங்கிய நீரைக் கொட்டும்போது, முன்பு பல நாட்களிற் பெய்த மழை சில மணித்தியாலங்களிற் பெய்துவிடுகிறது. காடழித்துத் தேயிலை நட்ட செங்குத்தான சரிவு அந்த நீரை உறிஞ்சிக் கனத்து, பிடிப்பிழந்து கீழிறங்குகிறது. அதன் பாதையில் இருப்பது லயம்.

இதனை எண்ணெய்க் கம்பனிகள் அறியாமற் செய்தன என்று கூறவும் இடமில்லை. 1977ஆம் ஆண்டிலேயே எக்ஸொன் கம்பனியின் சொந்த விஞ்ஞானி ஒருவர் அதன் நிர்வாகிகளுக்கு இந்த அபாயத்தை எடுத்துரைத்தார். அக்கம்பனியின் ஆய்வாளர்கள் அடுத்து வந்த ஆண்டுகளிற் கணித்த வெப்பநிலை உயர்வு பெரும்பாலும் சரியாகவே பலித்திருப்பதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு நிறுவிற்று. அறிந்தும், 1989 முதல் 2002 வரை இயங்கிய கூட்டமைப்பொன்றின் மூலம் இக்கம்பனிகள் மக்கள் மனத்தில் ஐயத்தை விதைத்தன, சட்டங்களைத் தடுத்தன. ஆக, நாம் ‘இயற்கையின் சீற்றம்’ என்று எழுதுவதன் பெரும்பகுதி இலாபத்தின் கணக்கு. பொறுப்பாளிக்கு முகவரி உண்டு.

எண்ணெய்க் கம்பனியை எதிர்ப்பது இந்நாட்டிற்குப் புதியதுமன்று. 1961இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. அடுத்த ஆண்டு ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதி அரசுடைமையாயிற்று. அதற்குத் தண்டனையாக 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்திற்று. சிறு நாடொன்று பெருங் கம்பனிகளை எதிர்த்து நின்ற அந்நிகழ்ச்சி இடதுசாரிகளாகிய நமக்குப் பெருமை தருவதே. ஆனால் அதன் எல்லையையும் நாம் காணல் வேண்டும். அன்று கேட்கப்பட்ட கேள்வி, எண்ணெயின் இலாபம் யாருக்கு என்பது. எண்ணெய் எரிவதால் அழிவது யார் என்ற கேள்வி அன்று எழவில்லை. உலகின் மிகப்பெரிய எண்ணெய் நிறுவனங்களிற் பல இன்று அரசுக்குச் சொந்தமானவை. அவற்றின் புகை தனியார் புகையினின்றும் வேறுபட்டதன்று. 2023இல் சினோபெக்கும், வேறொரு கம்பனியின் வழியாக ஷெல்லும் நம் நாட்டுச் சந்தைக்கு வர ஒப்பந்தங்கள் கைச்சாத்தான வேளையில், அரசுடைமையா தனியுடைமையா என்ற விவாதம் மீண்டும் எழுந்தது. அவ்விவாதம் அவசியமானது, ஆனால் மீரியபெத்தைக்கு அது போதாது.

தேயிலையும் எண்ணெயும் நேராகவே சந்திக்கும் இடமும் ஒன்றுண்டு. ஈரானிடம் முன்னர் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை செலுத்த வேண்டிய 25.1 கோடி டொலர் கடனை, மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கழிப்பதென 2021 டிசம்பரில் உடன்பாடு காணப்பட்டது. நாடு எரித்த எண்ணெய்க்குக் கொழுந்து பறிப்பவளின் கூடை விலையாயிற்று. மலைநாட்டிலேயே மிகக் குறைந்த எண்ணெயை எரிப்பவள் அவள். எண்ணெயின் விலையையும் அதன் விளைவையும் ஒருங்கே சுமப்பவளும் அவளே. இதனினும் பொருத்தமான கதைப்பொருளை எந்த எழுத்தாளன் தேடப்போகிறான்?

இவ்விடத்தில் நியாயமான மறுப்பொன்றை எதிர்கொள்ள வேண்டும். தொலைவிலுள்ள எதிரியைக் காட்டுவது, அருகிலுள்ள எதிரியை மறைக்கும் போர்வையாகிவிடாதா? இது வெற்றையம் அன்று. மீரியபெத்தைச் சரிவு அபாயமானதென்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று அனர்த்தத்தின் பின் கேட்டோர் பலர். எங்கே வெளியேறுவது என்ற கேள்வியைக் கேட்டோர் சிலர். தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணில் ஒரு பேர்ச்சஸ் காணிக்கும் உறுதியில்லாத மக்களுக்கு ‘வெளியேறு’ என்ற அறிவித்தலால் ஆவது என்ன? லயம் கம்பனியின் குத்தகை நிலத்தில் இருக்கிறது. தொழிலை விட்டால் கூரை இல்லை. வேலுப்பிள்ளையின் நாவலுக்குப் பின் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அத்தலைப்பு பழையதாகவில்லை. இந்நிலையில், ‘எல்லாம் காலநிலை மாற்றத்தினால்’ என்று பெருந்தோட்டக் கம்பனியும் அதிகாரிகளும் கைகழுவ நாம் இடங்கொடுக்கலாகாது. மழையைக் கனக்கச் செய்தவன் ஒருவன். மழை விழும் இடத்தில் மனிதனைக் கட்டிவைத்தவன் இன்னொருவன். இருவரையும் ஒரே குற்றப்பத்திரிகையில் எழுதாத போராட்டம் பாதிப் போராட்டமே.

அங்ஙனமாயின் தொடங்குவது எங்கே? கைக்கு எட்டிய இடத்திலே என்பதுதான் வரலாறு தரும் விடை. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலை எடுத்துக்கொள்வோம். மலையக மக்களிற் பலருடைய முன்னோர் புறப்பட்ட மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் நம்மிடமிருந்து பிரிந்து சென்ற உறவினர் பலர் வாழும் மாவட்டமும் அதுவே. 2017 பெப்ரவரியில் அங்கே ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அமைச்சரவை அனுமதி அளித்ததும், மறுநாளே ஊர் திரண்டது. விவசாயிகளும் பெண்களும் மாணவரும் பந்தலிற் கூடினர். வாக்குறுதி கிடைத்ததும் மார்ச்சில் நிறுத்தினர். வாக்குறுதி பொய்த்ததும் ஏப்ரலில் மீண்டும் அமர்ந்து மாதக்கணக்கில் நீடித்தனர். அதே ஆண்டு ஜூன் 30ஆந் திகதி தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் குழாய் வெடித்து வயலில் எண்ணெய் பாய்ந்தபோது, கேள்வி கேட்டவர்கள் தடியடியும் சிறையும் கண்டனர். இவற்றுக்கு முன்பே மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்த கோ. நம்மாழ்வார், அப்பயணத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30ஆந் திகதி உயிர்நீத்தார். இவற்றின் தொடர்ச்சியாகவே 2020 பெப்ரவரியிற் காவிரி வடிநிலம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. முன்னரே இயங்கிய கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை என்பது அதன் குறை. ஆயினும் புதிய கிணறுகளுக்கு அது தடையாயிற்று.

நெடுவாசல் மக்கள் பேசியது நிலத்தடி நீரைப் பற்றி, நெல்லைப் பற்றி, தென்னையைப் பற்றி. காலநிலை மாற்றம் அவர்தம் முழக்கங்களில் முதலிடம் பெறவில்லை. எனினும், மண்ணுக்கடியில் இருக்கும் எரிபொருளை மண்ணுக்கடியிலேயே விட்டுவைத்தலைக் காட்டிலும் பெரிய காலநிலைப் பணி வேறு யாது? பெரிய சொல்லைக் கற்பித்து மக்களைத் திரட்ட வேண்டுமென்பதில்லை. தன் கிணற்றைக் காக்க எழுந்தவன் உலகின் வானத்தையும் காத்தவனாகிறான்.

ஊவாவுக்கு இத்தகைய மரபு அயலிலிருந்து இறக்குமதியாக வேண்டியதன்று. 1940ஆம் ஆண்டு பதுளையை அடுத்த வேவஸ்ஸைத் தோட்டத்திலே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தமக்கெனத் தேர்தல்மூலம் ஒரு சபையை அமைத்தனர். அச்சபையைக் கலந்தே நிர்வாகம் நடத்துவதற்குத் துரை இணங்க நேர்ந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலிசாரிடமிருந்தே ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். அந்த எழுச்சி பின்னர் அடக்குமுறையால் நசுக்கப்பட்டது. நசுக்கியோர்க்கு உதவியது எது தெரியுமா? அவ்வாண்டு மே மாதப் பெருவெள்ளம். ஒரு வாரத்துக்கு மேலாக ஊவா, நாட்டின் ஏனைய பகுதிகளினின்றும் துண்டிக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து கைகொடுக்க எவரும் வர இயலவில்லை. ஊவாவின் மிகச் சிறந்த போராட்டத்தைத் தோற்கடித்தது பொலிசும் வெள்ளமும் சேர்ந்து விளைத்த தனிமையே. வெள்ளங்கள் பெருகும் இக்காலத்தில் அப்பாடத்தை நாம் இருமுறை படிக்க வேண்டும்.

தனிமையின் கேட்டை அண்மைக்கால நாவலொன்றும் உணர்த்துகிறது. கமரூனிற் பிறந்த இம்போலோ எம்புவே 2021இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஹவ் பியூட்டிஃபுல் வீ வேர்’, கொசாவா என்னும் கற்பனைக் கிராமம் பெக்ஸ்டன் என்னும் அமெரிக்க எண்ணெய்க் கம்பனியை எதிர்த்த கதை. நச்சுநீரால் குழந்தைகள் இறக்கின்றனர். கம்பனியின் பிரதிநிதிகள் வந்து இனிய மொழிகள் பேசிச் செல்கின்றனர். ஒருநாள் ஊராரால் பித்தனென்று ஒதுக்கப்பட்டவன் அவர்தம் காரின் சாவியைப் பறித்துவிட, போராட்டம் தொடங்குகிறது. நாவலின் பல பகுதிகளை ஒரே வயதுடைய கிராமத்துப் பிள்ளைகள் ‘நாங்கள்’ என்று கூட்டுக்குரலிற் கூறுகின்றனர். இந்நாவலின் மேன்மை அந்தக் குரல். தனிமனித உள்ளத்தின் நுட்பங்களையே இலக்கியமெனக் கருதுவோர்க்கு, ஓர் ஊரே கதைசொல்லியாக முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

ஆயின் கதை தோல்வியில் முடிகிறது. துலா என்னும் பெண் அமெரிக்கா சென்று கற்றுத் திரும்பி மக்களைத் திரட்ட முயல்கிறாள், நீதிமன்றமும் பேச்சுவார்த்தையும் பயன்தராதபோது அவளது தோழர் துப்பாக்கியை நாடுகின்றனர், ஊர் அழிகிறது. இத்தோல்வியை ஆசிரியரின் அவநம்பிக்கை என்று எளிதில் ஒதுக்குவோருடன் நாம் உடன்படவில்லை. தோல்விக்கான காரணம் கதைக்குள்ளேயே கிடக்கிறது. கொசாவாவுக்கு அருகிலேயே கம்பனியின் தொழிலாளர் குடியிருப்பு உண்டு. வேற்றூரிலிருந்து கூலிக்கு வந்த அவர்களுக்கும் கிராமத்தாருக்கும் இடையே பாலம் எதுவுமில்லை. ஊர் அவர்களைப் பகைவராகவே நோக்குகிறது. எண்ணெயை எடுப்பவனும் எண்ணெயால் அழிபவனும் ஒருவரையொருவர் அறியாதவரை கம்பனிக்கு அச்சமில்லை. எம்புவே இதனைக் காட்டினாரேயன்றி ஆராயவில்லை; அவரது கூட்டுக்குரல் ஊரெல்லையைத் தாண்டி விரியவில்லை. நாவலின் பலமான அந்த ‘நாங்கள்’ அதன் பலவீனமுமாக அமைகிறது.

இக்குறை நமக்கும் உரியதே. மலையக எழுத்தின் ‘நாங்கள்’ பெரும்பாலும் லயத்தோடு நின்றுவிடுகிறது. தோட்டத்தின் கீழே வாழும் சிங்களக் கிராமத்தவனின் வயலையும் அதே மண் மூடுகிறது. 2017 ஜூனில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தால் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்தபோது, பண்டாரவளையில் ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர், கடைகள் மூடப்பட்டன. வற்றும் கிணறு இனம் பார்ப்பதில்லை. கடல் கடந்தும் நம் உறவினர் உளர். 2013இல் ஹையான் சூறாவளியால் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்த பிலிப்பீன்ஸ் நாட்டிலே, புயல்களிற் பிழைத்த எளிய மக்களும் சமூக அமைப்புகளும் 2015இல் அந்நாட்டு மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். எதிர்ப்பக்கத்தில் அவர்கள் பெயர் குறித்தது ஷெல், எக்ஸொன், செவ்ரோன் உள்ளிட்ட 47 கம்பனிகளை. நியூயோர்க்கிலும் லண்டனிலுங்கூட விசாரணை நடந்தது. கம்பனிகள் காலநிலை விஞ்ஞானத்தை வேண்டுமென்றே மறைத்துக் குழப்பின என 2022 மே மாதத்தில் ஆணைக்குழு அறிக்கையிட்டது. நட்டஈடு வழங்கும் அதிகாரம் அதற்கில்லை. ஆயினும், ‘இயற்கை கொன்றது’ என்று ஏட்டில் இருந்த வாக்கியத்தின் எழுவாயை அந்த மக்கள் மாற்றி எழுதினர்.

எழுவாயை மாற்றுவது இலக்கியத் தொழில். ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய தொழிலும் அதுவே. பசறைப் பகுதியின் ஒவ்வொரு பாடசாலையும் மழையளவைப் பதிந்து வரலாம். எந்தத் தோட்டத்தில் எந்த லயத்துக்கு அபாய அறிவித்தல் எந்த ஆண்டு வந்தது, அதன்பின் எத்தனை குடும்பம் அங்கேயே இருக்கிறது, மாற்றுக் காணி கேட்டு எழுதிய கடிதத்துக்குக் கிடைத்த பதில் என்ன என்பவற்றை மூத்தோர் வாய்மொழியோடு சேர்த்துத் தொகுக்கலாம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதலாம். அந்த ஏடு தோட்டக் கம்பனிக்கும் பிரதேச செயலகத்துக்கும் செல்லட்டும். அதே ஏடு எண்ணெய்க் கம்பனிகளின் மீதான உலக வழக்குக்கும் சான்றாகட்டும். காணியுரிமைக்கான தோட்டக் கமிட்டியும் காலநிலை நீதிக்கான இயக்கமும் இருவேறு அமைப்புகளாக இருக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வுக்கு வகுக்கும் கோரிக்கைப் பட்டியலில், பாதுகாப்பான நிலத்தில் உறுதியோடு கூடிய வீடு என்பதும், அதன் செலவில் மலையைச் சரித்தவனின் பங்கு என்பதும் இடம்பெறல் வேண்டும்.

கவிஞர்களிடம் நாம் கேட்பது கோஷங்களை அன்று. இறந்தோரை அவர்கள் பாடட்டும்; பாடும்போது, தோட்டத்துக் கிழவி தன் ஒப்பாரியிலே செய்ததைச் செய்யட்டும். யாரால் என்று சொல்லட்டும். அடுத்த மழைக்கு முன் அது சொல்லப்பட்டால், அடுத்த மழையில் அழுவோர் தொகை குறையலாம்.